கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்ன வேன்

எங்க பைபாஸ் சந்தையில ஒரு வேன் பேசிட்டிருந்த காலம்னு ஒண்ணு இருந்துச்சு. பவானி தாண்டி சேலம் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் பழைய வண்டிங்க வரிசை கட்டி வெயில் காயுமே, காரு, ஆட்டோ, டெம்போ, சக்கரமில்லாம கல்லு மேல உக்காந்திருக்கற லாரி, அங்கதான். அங்க வண்டி எடுக்க வர்றவங்க யாரும் யாரையும் நம்ப மாட்டாங்க, அது கோவத்துல இல்ல, அங்க அதுதான் மரியாதை. வந்ததும் முதல்ல என்ஜின் மேல கைய வெச்சுப் பாப்பாங்க, சூடா இருந்தா நாம வர்றதுக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணிப் பழக்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். துணி சுத்துன காந்தத்த பாடி மேல ஓட்டிப் பாப்பாங்க, ஒட்டாம வழுக்குச்சுன்னா உள்ள பட்டி பூசியிருக்கு, எங்கியோ போய் மோதின வண்டி. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து மோந்து பாப்பாங்க, சேத்து வாசம் அடிச்சா வெள்ளத்துல முழுகுனது. அப்புறம் கீழ குனிஞ்சு, வண்டியோட அடிச்சட்டத்துல வெட்டியிருக்கற சேஸ் நம்பர் மேல பேப்பர வெச்சு பென்சிலால தேய்ப்பாங்க பாருங்க, அது தனி அழகு, ஒவ்வொரு எழுத்தா பேப்பர்ல எந்திரிச்சு வரும், அந்த நம்பர போன்ல போட்டா, இந்த வண்டியில ஏதோ கோளாறு இருக்கு கொண்டாங்க ஓசியில மாத்தித் தர்றோம்னு கம்பெனிக்காரங்க கூப்பிட்டிருக்காங்களா இல்லையான்னு தெரிஞ்சுரும், ரீகால்னு சொல்லுவாங்க. இத்தனையும் பாத்துட்டு, கடைசில ஒண்ணும் சரியில்லன்னு மூஞ்சிய வெச்சுகிட்டு ஒரு டீ குடிப்பாங்க, அதுக்கப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

அந்த வேன் ஜமால் பாய் யார்டுல வேப்பமரத்துக்கு அடியில நின்னுச்சு. வெள்ளை வேன், இடது பக்கம் இழுக்கற கதவு, பின்னாடி ரெண்டு வரிசை சீட்டு, என்ஜின் சத்தம் இருக்கே, அடடா, உளுந்து உருட்டற மாதிரி அவ்வளவு சன்னமா இருக்கும். அத விக்க வேண்டிய பொறுப்பு புரோக்கர் சென்னியப்பனுக்கு. சென்னியப்பன் அண்ணன் கெட்டவரு இல்ல, பொய் சொல்றதுல ஒரு ராகம் வெச்சிருந்தாரு, அவ்வளவுதான். ஒரு நாள் ராசிபுரத்துக் கடலை வியாபாரி ஒருத்தர் வந்தாரு, அண்ணன் சாவிய திருகி வெச்சுட்டு ஆரம்பிச்சாரு, "ஒரே ஓனருங்ணா, ஒரு டாக்டர் ஓட்டுனது, கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான், அதுவும் ஞாயித்துக்கெழம லீவு."

அப்ப டேஷ்போர்டுல காத்து வர்ற ஓட்டை வழியா, சளி புடிச்சு மூக்கடைச்ச குரல்ல வேன் சொல்லுச்சு, "மூணு ஓனருங்க. டாக்டர் யாரும் ஓட்டலீங்க. கடைசியா ஓட்டுனவரு பந்தல் சாமான் ஏத்துனாரு. கிளட்ச் தேஞ்சிருக்குதுங்க. மலை ஏறுனா சூடாகுமுங்க. அப்புறம் இந்த இழுக்கற கதவு இருக்குதுங்களே, அது நல்லா சாத்துமுங்க, ஆனா மேட்டுல ஏறிகிட்டே வலது பக்கம் ஒடிச்சா சில சமயம் தானா தெறந்துக்குமுங்க."

வியாபாரி சென்னியப்பன் வாயப் பாத்தாரு, அது மூடியிருந்துச்சு. வேனப் பாத்தாரு. "நன்றிப்பா"ன்னு வேன்கிட்ட சொல்லிட்டுப் பக்கத்து யார்டுக்குப் போயிட்டாரு.

வண்டி ஏன் பேசுதுன்னு ரொம்ப நாள் யாரும் மண்டைய ஒடச்சுக்கல. ஒயரிங் மாத்தி குடுத்துட்டாங்கன்னு ஒரு எலக்ட்ரீசியன் சொன்னாரு, இத்தனை வருசம் இத்தனை பொய்யக் கேட்டா எந்த இரும்புக்குத்தான் வாய் வராதுன்னு ஜமால் பாய் சொன்னாரு, ரெண்டும் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம். பஞ்சாயத்து வேற விசயத்துக்குத்தான் கூடுச்சு. "வண்டி பேசறதுல தப்பில்ல. கஸ்டமர் முன்னாடி பேசறது நல்லாவா இருக்கு?"ன்னு ஒரு யார்டுக்காரர் எகிற, "உங்க வண்டிங்க வாயத் தெறந்தா நீங்க ஊரையே காலி பண்ணணும்"னு ஜமால் பாய் திருப்பிக் குடுக்க, சாவிய எடுத்துட்டா பேச்சு நிக்குமில்ல, அப்படியே வெச்சுக்கலாம்னு முடிவாச்சு. ஆனா அதுக்குள்ள சேதி தருமபுரி வரைக்கும் போயிருச்சு.

சனங்க வந்தாங்க. வாங்கப் போற வண்டிய இந்த வேன் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுவாங்க, இது கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டு, "இது தண்ணியில நின்ன நோவுங்க"ன்னோ, "ரெண்டாவது கியர்ல மனசில்லீங்க"ன்னோ, "எடுத்துக்குங்க, தங்கமான வண்டி, போன ஓனரு அடிச்ச அடியில ஹாரன் மட்டும் பயந்து கெடக்குது"ன்னோ சொல்லும், சொன்னது ஒண்ணு தப்பாது. மூக்கடைச்சான்னு பேரு வெச்சு, வந்தவங்க அதோட முன் கண்ணாடியில குங்குமம் வெச்சாங்க. ஒருத்தர் தன் பொண்ணப் பாக்க வந்த மாப்பிள்ளையவே கூட்டியாந்து முன் சீட்டுல உக்கார வெச்சு, "பையன் எப்படி சாமி?"ன்னு கேட்டாரு. "மனுசங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. ஆனா உக்காந்ததுலருந்து கதவப் புடிச்சுகிட்டே இருக்காருங்க"ன்னு வேன் சொல்லுச்சு. கல்யாணம் நின்னு போச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து டயர்ல காத்த எறக்கி விட்டுட்டுப் போனாங்க.

இப்படியே போகப் போக ஒண்ணு நடந்துச்சு, நடக்கறப்ப யாருக்கும் அது பெரிசாப் படல. காந்தம் கொண்டாறத நிறுத்திட்டாங்க. என்ஜின் மேல யாரும் கை வெக்கல, சீட் பெல்ட்ட யாரும் மோந்து பாக்கல. வண்டிக்கு அடியில குனியறவங்களே இல்லாமப் போயி, சந்தையில பென்சில் வித்துகிட்டிருந்த பெட்டிக்கடையில பென்சில் கேட்டா, எதுக்குன்னு கேக்கற அளவுக்கு ஆச்சு. எல்லாந்தான் மூக்கடைச்சான் சொல்லுதே.

மத்த வண்டிங்க எல்லாம் மாலை போட்டுகிட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கிகிட்டு கெளம்பிப் போகும், மூக்கடைச்சான் மட்டும் மரத்தடியிலயே நிக்கும். தன்னப் பத்திக் கேட்டாலும் அதே மாதிரி மறைக்காம கிளட்ச், சூடு, கதவுன்னு ஒண்ணு விடாம ஒப்பிக்கும், கேட்டவங்க கும்புட்டுட்டு வேற வண்டிய எடுத்துட்டுப் போயிருவாங்க. கிளட்சக்கூட பாய் மாத்திட்டாரு, ரேடியேட்டரயும் சரி பண்ணிட்டாரு, கதவ ஒரு மெக்கானிக் பத்து தரம் இழுத்துச் சாத்திப் பாத்துட்டு நல்லாத்தான இருக்குன்னு போயிட்டாரு, இருந்தாலும் வேன் அந்தக் கதவப் பத்திச் சொல்றத மட்டும் விடல. அந்த ஐப்பசியில பாத்தா மழையே இல்லாதப்ப அதோட வைப்பர் தானா ஆடிகிட்டிருக்கும், இப்படியும் அப்படியும், கண்ணத் தொடைக்கற மாதிரி.

ஒரு நாள் மத்தியானம் சென்னியப்பன் அண்ணன் உள்ள உக்காந்து சோறு தின்னுகிட்டிருந்தப்ப அது கேட்டுச்சு, "ஏனுங்ணா, என்னைய மட்டும் ஏன் யாரும் எடுத்துட்டுப் போறதில்ல?"

அண்ணன் சாப்பிடறத நிறுத்துனாரு. கல்யாணமாகாத மனுசன், அந்த வேனோட அதிகம் பேசுனது அவருதான். தூக்குச்சட்டிய மூடி வெச்சுட்டு ஸ்டீரிங்கத் தடவிக் குடுத்தாரு.

"நான் உன்ன பொய் சொல்லச் சொல்லல கண்ணு. உனக்கு அது வராது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும். கதவு சாத்துமான்னு கேட்டா, சாத்தும். அதோட வாய மூடிக்க. சாத்துதா இல்லையா?"

"சாத்துதுங்க. ஆனா..."

"அந்த ஆனாவத்தான் முழுங்கச் சொல்றேன்."

"முழுங்குனா உள்ள ஒரு மாதிரி இருக்குமுங்களே."

"இருக்கும். பழகிரும். எனக்குப் பழகல?"

அதுக்கப்புறம் தெனமும் காலையில யார்டு தெறக்கறதுக்கு முந்தி ரெண்டு பேரும் ஒத்திகை பாத்தாங்க. அவரு கேப்பாரு, அது சொல்லும், ஆனான்னு இழுக்கும், அவரு நாக்கத் துருத்துவாரு, மறுபடி மொதல்லருந்து. மார்கழி பொறக்கறதுக்குள்ள ஆனா நின்னு போச்சு. சளிக்குரலும் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு, பேச்சு முடியறப்ப லேசா ஒரு ராகம்கூட வந்துச்சு.

அப்பத்தான் பாவாயி வந்தாங்க. நூல் மில்லுல பதினஞ்சு வருசமா பாவு ஓட்டுன கையி, வாடகை வண்டி ஓட்ட பேட்ஜ் லைசென்ஸ் எடுத்து, ஊர் ஊரா இருக்கற பொம்பளைங்கள ஷிப்டுக்கு ஏத்தி எறக்கற டிரிப் எனக்குக் குடுங்கன்னு மில்லு மேனேஜர்கிட்டக் கேட்டிருந்தாங்க. பொங்கலுக்குள்ள சொந்த வண்டியோட வந்தா டிரிப் உனக்கு, இல்லாட்டி பழைய ஆளுக்கேன்னு அவரு சொல்லியிருந்தாரு. அந்தப் பழைய ஆளு பொம்பளைங்கள ராத்திரி ஷிப்டு விட்டு வர்றப்ப ரோட்டு மேலயே எறக்கி விட்டுட்டுப் போறவன். அதனால பாவாயிக்கு இது வெறும் பொழப்பு மட்டுமில்ல.

அவங்க வீட்டுக்காரரு நாச்சிமுத்து கூட வரல. அவருக்கு வண்டின்னாலே பயம், பஸ்ஸுல ஏறுனா கையில எலுமிச்சம்பழத்த வெச்சு மோந்துகிட்டே கதவோரமாத்தான் உக்காருவாரு. இருந்தாலும் பொண்டாட்டி ஓட்டற வண்டியில கதவு தெறந்து விடற வேலை என்னோடதுன்னு அவராவே சொல்லியிருந்தாரு. வர்றப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்புனாராம்: "எனக்கு என்ஜின் கிஞ்சின்லாம் தெரியாது பாவாயி. கதவோரத்துல உக்காரப் போறவன் நானு. கதவு நல்லா சாத்துமான்னு மட்டும் கேட்டுட்டு வா."

பாவாயி பழைய முறையில தயாரா வந்திருந்தாங்க. காந்தம், வெள்ளைத் துணி, பேப்பர், கொண்டையில சொருகுன பென்சில். என்ஜின் மேல கைய வெச்சுப் பாத்தாங்க. பெல்ட்ட இழுத்து மோந்தாங்க. எத்தனையோ மாசத்துக்கப்புறம் அப்படி ஒருத்தரப் பாக்கறதுக்கு சந்தையே கூடிப் போச்சு, எனக்கெல்லாம் கை தட்டணும் போல இருந்துச்சு. கடைசில பேப்பரும் பென்சிலுமா சேஸ் நம்பர் தேய்க்க அவங்க கீழ குனிஞ்சாங்க.

"ஏனுங்கம்மிணி, வாய் இருக்கற வண்டிகிட்டப் போயி நம்பரத் தேய்க்கறீங்களே!"ன்னு பக்கத்து யார்டுக்காரரு சிரிச்சாரு.

"பேச்சு வந்த புள்ளைக்கு நாடி புடிச்சுப் பாக்கறாங்க டோய்!"ன்னு இன்னொருத்தரு.

எல்லாரும் சிரிச்சோம். ஜமால் பாய் மட்டும் சிரிக்கல, அவரும் பாத்துகிட்டுத்தான் நின்னாரு. குனிஞ்ச பாவாயி அப்படியே ஒரு நிமிசம் இருந்தாங்க, முட்டியில மண்ணு ஒட்டியிருந்துச்சு, பேப்பர் பாதி நம்பர் மேல இருந்துச்சு, காதெல்லாம் செவந்து போச்சு. அப்புறம் எந்திரிச்சு, மண்ணத் தட்டிவிட்டு, பென்சில திரும்பக் கொண்டையில சொருகிட்டாங்க.

முன்னாடி வந்து நின்னு வேனப் பாத்துக் கேட்டாங்க. "ஏம்ப்பா, என்ஜின் எப்படி?"

"நல்லா இருக்குதுங்க."

"கிளட்ச்?"

"புதுசுங்க."

"சூடாகுமா?"

"முந்தி ஆச்சுங்க, இப்ப இல்லீங்க."

"கதவு? கதவு நல்லா சாத்துமா?"

இந்த எடத்துல அது என்ன சொல்லும்னு சந்தையில அத்தனை பேருக்கும் மனப்பாடம், எத்தனை தரம் கேட்டிருப்போம். வைப்பர் ஒரு தரம் அசைஞ்சு நின்னுச்சு.

"சாத்துமுங்க"ன்னுச்சு வேன். "ஒரே இழுப்புல சாத்துமுங்க."

அவ்வளவுதான். மேல ஒண்ணும் வரல. சென்னியப்பன் அண்ணன் கண்ணு கலங்கிருச்சு, புள்ள மொதல் தரம் மேடையில பேசுனத கேட்ட அப்பன் கணக்கா. கேட்ட நாங்களும், சரி, கதவையும் பாய் சரி பண்ணியிருப்பாருன்னு நெனச்சுகிட்டோம். எங்க சந்தையில துண்டுக்குள்ள விரலப் புடிச்சுத்தான் வெலை பேசறது, ஒரு பொம்பள கிட்ட எப்படிப் புடிக்கறதுன்னு அண்ணன் துண்ட வெச்சுகிட்டு முழிக்க, பாவாயி தன் வெலைய சத்தமா சொல்லிட்டாங்க, எல்லாரும் கேக்க. ஜமால் பாய் மறு பேச்சில்லாம தலையாட்டுனாரு. மாலை வந்துச்சு, எலுமிச்சம்பழம் வந்துச்சு, மூக்கடைச்சான் அதுங்க மேல ஏறி எறங்கறப்ப ஹாரன அடிச்ச அடி பவானி வரைக்கும் கேட்டிருக்கும்.

தை மாசம் முழுக்க அந்த வேன் மாதிரி சந்தோசமான வண்டி இந்த ரோட்டுல ஓடல. பொம்பளைங்க ஒவ்வொருத்தரையும் வாசல்ல ஏத்தி வாசல்ல எறக்கி விட்டாங்க பாவாயி. உள்ள ஒரே பேச்சு, சிரிப்பு, எந்த சூப்பர்வைசர் யாரப் பாத்து என்ன சொன்னாங்கறதுலருந்து எல்லாம் வேனுக்கும் தெரியும். நாச்சிமுத்து கதவோரமா உக்காந்து வந்தாரு. முதல் வாரம் எலுமிச்சம்பழத்த இறுக்கிப் புடிச்சிருந்தவரு, அப்புறம் அத டேஷ்போர்டு மேல வெச்சுட்டாரு, அப்புறம் கொண்டாறதையே விட்டுட்டாரு. அவருக்கும் வேனுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். "டேய் மூக்கா"ன்னுதான் கூப்பிடுவாரு.

போற வழியில வாய்க்கா பாலம் ஒண்ணு இருக்கு, மேடேறிகிட்டே வலது பக்கம் ஒடிக்கணும். அந்த எடம் வந்தா வேன் தொண்டையச் செருமும். பாவாயி மெதுவா ஓட்டறவங்க, ஒண்ணும் ஆகாது, தாண்டிருவாங்க. ஒரு நாள் நாச்சிமுத்து கேட்டாரு, "என்னடா மூக்கா, இந்த எடம் வந்தா ஒரு மாதிரி ஆயிர்ற, என்ன விசயம்?"

கேட்டாரு. வாய் விட்டுக் கேட்டாரு. பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாரும் அதுக்கு சாட்சி. சொன்னா திரும்ப மரத்தடிக்குக் கொண்டு போய் விட்டுருவாங்களோன்னு அது பயந்துச்சோ என்னவோ.

"ஒண்ணுமில்லீங்க"ன்னுச்சு.

மாசி மொதல் வாரம், மில்லுக்கு நேரமாச்சுன்னு பாவாயி அந்த மேட்டுல கொஞ்சம் அழுத்துனாங்க. ஸ்டீரிங்க ஒடிச்சாங்க. கதவு சத்தமே இல்லாம, எண்ணெ போட்ட மாதிரி, பின்னாடி நகந்துச்சு. கதவோரமா இருந்த நாச்சிமுத்து அப்படியே வெளிய விழுந்தாரு. பாலத்துக் கட்டைச்சுவத்துல தல பட்டிருச்சு, ஆஸ்பத்திரி வரைக்கும்கூட உசிரு தாங்கல.

காரியம் முடிஞ்ச மறுநாள், கதவ கயித்தால கட்டிகிட்டு, பாவாயி தானே ஓட்டிட்டு சந்தைக்கு வந்தாங்க. அதே மரத்தடியில நிறுத்துனாங்க. அழுவாங்க, மண்ண வாரித் தூத்துவாங்கன்னு எல்லாரும் நின்னோம். அவங்க எறங்கி முன்னாடி வந்து, அன்னிக்கு நின்ன அதே எடத்துல நின்னு கேட்டாங்க.

"கதவு தானா தெறக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

அந்தக் குரல்ல சளி இல்ல. மூக்கடைப்பு இல்ல. அந்த இழுவை, அந்த ராகம், கடைசி எழுத்துல வர்ற அந்த வழுக்கல், எல்லாம் அச்சு அசல் சென்னியப்பன். சந்தையே அவரத் திரும்பிப் பாத்துச்சு. அவரு தோள்ல இருந்த துண்ட எடுத்து வாயப் பொத்திகிட்டாரு, ஆனா அழுகைச் சத்தம் வந்துச்சு.

பாவாயி கொண்டையில இருந்த பென்சில எடுத்தாங்க, பேப்பர எடுத்தாங்க, குனிஞ்சாங்க. ஒருத்தரும் சிரிக்கல. நம்பர் ஒவ்வொண்ணா பேப்பர்ல எந்திரிச்சு வந்துச்சு. போன்ல போட்டதும் வந்துருச்சு, டீ ஆர்றதுக்குள்ள: இந்த வரிசை நம்பர் வண்டிங்களோட இழுக்கற கதவுப் பூட்டு சரியில்ல, கொண்டாங்க, மாத்தித் தர்றோம்னு கம்பெனிக்காரங்க எப்பவோ கூப்பிட்டிருந்தாங்க. மூணு ஓனரும் காது குடுக்கல. சர்வீசுக்குக் கொண்டு போனப்ப, கட்டவிரல் அளவு ஒரு இரும்புத் துண்ட மாத்துனாங்க. ஜமால் பாய் வெளிய நின்னு ஒரு பீடி பத்த வெச்சாரு, அது அணையறதுக்குள்ள வேலை முடிஞ்சுருச்சு. ஒரு பைசா வாங்கல.

வேன திருப்பி எடுத்துக்கறேன், வேற வண்டி தர்றேன்னு பாய் சொன்னாரு. பாவாயி வேண்டாம்னுட்டாங்க. பொம்பளைங்க காத்துகிட்டிருப்பாங்கன்னு மட்டும் சொன்னாங்க.

இப்பவும் அதேதான் ஓட்டறாங்க. சந்தையில திரும்பவும் எல்லாரும் குனியறாங்க, பெட்டிக்கடையில பென்சில் தொங்குது. சென்னியப்பன் அண்ணன் புரோக்கர் வேலைய விட்டுட்டு அந்த வாய்க்கா பாலத்துகிட்ட இளநி விக்கறாரு, ஏன் அந்த எடம்னு யாரும் கேக்கறதில்ல. காலையும் சாயங்காலமும் மூக்கடைச்சான் அந்த மேடேறி வரும். கதவோர சீட்டுல யாரும் உக்கார மாட்டாங்க, எவ்வளவு கூட்டமா இருந்தாலும் மத்த சீட்டுல நெருக்கி உக்காந்துதான் வருவாங்க. வலது பக்கம் ஒடிக்கறப்ப, யாரும் கேக்காமலே, அந்தக் காலி சீட்டுக்கு வேன் சொல்லும், பழைய சளிக்குரல்ல, "கதவு சாத்தியிருக்குதுங்க. நல்லா பூட்டியிருக்குதுங்க. நான் பாத்துட்டேனுங்க."

அதக் கேட்டுகிட்டே பாவாயி கியர மட்டும் மாத்துவாங்க.